கோர்ட்டுக்குப் போன லைசென்ஸ்

போன வாரம் பயிற்சிக்கு வந்த புதுப் பிள்ளைகளில் ஒருவர், நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, "சார், கிரேன் லைசென்ஸ் எடுக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். ஆறு வருஷம் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு ஆறு வருஷம் ஆனது. வந்த பிறகும் அது என் கையில் இருந்தது பதினோரு நாள். அப்புறம் நாலு வருஷம் இல்லை. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன், டீ வந்துவிட்டது. டீயைக் குடித்ததும் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டீர்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். எந்த லிவரை எவ்வளவு இழுப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், பிரித்தாவது பாருங்கள்.

எனக்குத் தரங்கம்பாடி. அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு அலையைத் தாண்டினால் வாந்தி. மூன்று வருஷம் கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். என்னைப் பிடித்துக்கொள்ளவே ஓர் ஆள் தேவைப்பட்டதால் விட்டுவிட்டார்கள். ஆனால் கயிறு எனக்கு நன்றாக வரும். எந்த முடிச்சு இறுகும், எது பாரம் வந்தால் நழுவும் என்பது கைக்கே தெரியும். அதை வைத்து ஒரு கான்ட்ராக்டரின் முகாமில் கலாசியாகச் சேர்ந்தேன். திருக்கடையூருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் சின்னச் சின்னப் பாலங்களும் மதகுகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூக்கிய சுமை காற்றில் சுழலாமல் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது என் வேலை.

அங்கே ஒரே ஒரு கிரேன், ஒரே ஒரு ஆபரேட்டர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கெல்லாம் ஒரு குரு கிடைத்து, தோளில் கைபோட்டுத் தொழில் சொல்லிக்கொடுப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். இந்த மனுஷன் எனக்கு ஒன்றுமே சொல்லித்தரவில்லை. காலையில் மெஷினை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துவிட்டு, "பாத்துக்கடா" என்று லாரிக்கு அடியில் பாயை விரித்துவிடுவார். இரண்டாம் வருஷத்திலிருந்து அந்தக் கிரேனை ஓட்டியது நான். லைசென்ஸ் அவருடையது, வேர்வை என்னுடையது.

எனக்கும் ஒரு லைசென்ஸ் வேண்டுமென்று தோன்றியதில் தப்பில்லையே? போனேன். எந்த ஊர் ஆபீஸ் என்று எழுதமாட்டேன், என் மருமகன் இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது. வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்குக் கனரக லைசென்ஸ் சுலபமாகக் கிடைத்துவிட்டது. பாரம் தூக்குவதற்கு வேறொரு சான்று. அது இல்லாமல் முதல் காகிதம் செல்லாது. அந்தச் சான்றுக்குத்தான் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க் இருந்தார்.

"மெஷினோட வாங்க. ஓட்டிக் காட்டுங்க, தரோம்" என்றார்.

முகாமுக்கு வந்து மேனேஜரிடம் கேட்டேன். "லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட மெஷினைக் குடுத்தனுப்பிட்டு நான் எங்கப்பா போய் நிக்கிறது? மொதல்ல லைசென்ஸைக் கொண்டா" என்றார். இதைச் சொன்ன அதே மனுஷன்தான் தினமும் காலையில் என்னைப் பார்த்து, "என்ன, இன்னும் மெஷின்ல ஏறலையா?" என்று கத்துகிறவர்.

திரும்ப ஆபீஸ். "கம்பெனி லெட்டர் வாங்கிட்டு வாங்க." திரும்ப முகாம். "ஆபீஸ்ல கேட்டு எழுதினாத்தான் லெட்டர்." இப்படி ஒன்றரை வருஷம். அதற்குள் ஆட்சி மாறியது. ஆபீஸ் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி வேறு படம் மாட்டினார்கள். படத்துக்குக் கீழே அதே கிளார்க், அதே வெற்றிலை. கடைசியில் ஆபரேட்டரே மனசு இரங்கி, "நானே ஓட்டிட்டு வரேன். அங்க போய் எறங்கிக்கிறேன், நீ ஏறிக்க" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "நீ கேக்கலியே" என்றார்.

சோதனைக்கு வந்த எஞ்சினியர் ஒல்லியாக இருப்பார், சிரிக்கமாட்டார். அவர் கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆபீசுக்குப் பின்னாலிருந்த வெற்று நிலத்தைக் காட்டி, "இடம் நீங்களே தேர்ந்தெடுங்க. அந்தச் சிமெண்டுக் குழாயைத் தூக்கி இங்க வையுங்க" என்றார்.

ஒரு பக்கம் காய்ந்து வெடித்த தரை. இன்னொரு பக்கம், குட்டையை ஒட்டி, ஈரமாக இறுகிய தரை. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கடற்கரையில் பிறந்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான், காய்ந்த மணலில் வண்டிச் சக்கரம் புதையும், அலை நனைத்த மணல்தான் தாங்கும். மீன் வண்டியை எப்போதும் ஈரத்தில்தான் ஓட்டுவோம். ஈரப் பக்கம் கிரேனை நிறுத்தி, நாலு இரும்புக் கால்களையும் விரித்து ஊன்றினேன். நீங்கள் ஜாக்கி என்கிறீர்களே, அந்தக் கால்கள். குழாய் ஒரு சாண் மேலே வந்திருக்கும். குட்டைப் பக்கத்துக் கால் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அது மணல் இல்லை, களிமண்.

எஞ்சினியர் கேட்டார்: "எந்த ஊருப்பா?"

"தரங்கம்பாடிங்க."

"அதான்" என்றார். படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

எனக்கு அழுகை வந்தது. என் ஊர் எனக்குக் கொடுத்த ஒரே அறிவு, பத்து மைல் தள்ளி வந்ததும் என்னைக் கவிழ்த்துவிட்டது. நம் ஊரில் சரியாக இருந்தது எல்லா ஊரிலும் சரி என்று நினைக்கிறவன் கிரேனில் ஏறக்கூடாது. இதை மட்டும் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு கடப்பாரையோடு அலைந்தேன். கால் ஊன்றப் போகிற இடத்தில் எல்லாம் குத்திப் பார்ப்பேன். மண்வெட்டுகிற பெண்கள், "தரங்கம்பாடியாரு மண்ணுக்கு ஊசி போடுறாரு" என்று சிரிப்பார்கள். இரண்டாவது சோதனைக்குத் தேதி கிடைத்தது. அன்றைக்குக் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் சாலை மறியல். எஞ்சினியரின் ஜீப் ஒரு பக்கம், எங்கள் கிரேன் இன்னொரு பக்கம், நடுவில் செங்கொடிகளோடு ஆயிரம் பேர். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, அவர்கள் கேட்டது நியாயமான கூலி. ஆனால் படிவம் காலாவதியாகிவிட்டது என்று கிளார்க் சொன்னபோது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து. சுவரில் மறுபடி வேறு படம்.

மூன்றாவது சோதனைதான் நான் சொல்ல வந்தது.

ஆறாவது வருஷக் கோடை. ஒரு பெரிய வாய்க்காலின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலம் முடிகிற நிலை. கடைசிக் கான்கிரீட் சிலாபு ஒன்றுதான் பாக்கி. மேட்டூரில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், அதற்குள் வைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து திறப்பதாகப் போஸ்டரும் ஒட்டிவிட்டார்கள். அது முடிந்தால் கான்ட்ராக்டர் தெற்கே ஒரு துறைமுக வேலைக்குப் போகிறார். அங்கே வாசலிலேயே லைசென்ஸைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்களாம். எங்கள் ஆபரேட்டருக்கு வயதாகிவிட்டது, அவர் வரவில்லை. எனக்குச் சான்று கிடைத்தால் நான் அங்கே ஆபரேட்டர். கிடைக்காவிட்டால் தரங்கம்பாடிக்குத் திரும்பிப் போய் அண்ணன்களின் வலையைத் தைக்க வேண்டியதுதான். நான் கெஞ்சியதில் எஞ்சினியர் அந்தக் கடைசிச் சிலாபையே சோதனையாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

சிலாபை எதிர்க்கரையிலிருந்துதான் வைக்க முடியும். எதிர்க்கரையில் கிரேன் நிற்கக்கூடிய இடம் ஒரே இடம், ஒரு பண்ணையாரின் வயல் ஓரம். அந்த இடம் கோர்ட்டில் இருந்தது.

விஷயம் இதுதான். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். கீழண்டை வயல்களைக் குத்தகைக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அடுத்த கோடையில் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த நொச்சி வாய்க்கால் காணாமல் போய்விட்டது. பண்ணையார் மண்ணைப் போட்டு மூடி உழுதுவிட்டார் என்பது இவர்கள் கட்சி. அங்கே வாய்க்கால் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது அவர் கட்சி. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் மாணிக்கம். வயலில் தண்ணீர் இல்லாததால் எங்களிடம் கலாசியாக வந்திருந்தார். நான் மெஷினில் ஏறியதிலிருந்து கீழே கயிறு பிடிப்பது அவர்தான். அவர் மனைவி பாக்கியம் அங்கேயே மண் சுமந்துகொண்டிருந்தாள்.

சோதனைக்கு முன்னால் பத்து நாள் அந்தக் கரையில் உட்கார்ந்து கவனித்தேன். எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. வயல் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது, ஊருக்குள்ளிருந்து யாரும் நேராக நடந்து வரலாம். ஆனால் யாரும் நேராக வரவில்லை. கும்பலாக வருகிறவர்கள் ஒரு முருங்கை மரத்துக்கு நேரே திரும்புவார்கள், நாலு எட்டு ஒருவர் பின் ஒருவராக வைப்பார்கள், அப்புறம் மறுபடி கலைந்து நடப்பார்கள். மாணிக்கத்திடம், "ஏன் எல்லாரும் அங்க சுத்திட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்கங்க சுத்துறோம்?" என்றார். அவருக்கே தெரியவில்லை. ஊர் வழக்கம் ஏதோ என்று நானும் விட்டுவிட்டேன்.

சோதனையன்று காலையில் எஞ்சினியர் வந்தார். மேனேஜர், ஆபரேட்டர், பண்ணையாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர், வேலையாட்கள், எல்லோரும் இருந்தார்கள். கிரேனை நிறுத்தப் போகும்போது பாக்கியம் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, அந்த எடத்துல காலை வெக்காதீங்க. அது வாய்க்கா. அடியில சேறுண்ணே."

காரியக்காரர் சிரித்தார். "ஏம்மா, கோர்ட்ல சொல்ற பொய்யை இங்கயுமா சொல்லணும்? தரங்கம்பாடியாரே, எங்க தாத்தா காலத்துலேர்ந்து இது மேட்டு நெலம். நெல்லு வண்டி நிக்கிற எடம். தாராளமா நிறுத்துங்க."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நான் கேட்டது மண் எப்படி இருக்கிறது என்று. இரண்டு பேரும் எனக்கு வழக்கைச் சொல்கிறார்கள். இவள் வாய்க்கால் என்றால் அவளுக்கு லாபம், அவர் மேடு என்றால் அவருக்கு லாபம். கடப்பாரையை எடுத்துக் குத்தினேன். நாலடி போகும் வரை இறுக்கமாகத்தான் இருந்தது. கடப்பாரையின் நீளமும் அவ்வளவுதான். கடப்பாரைக்கு வழக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு கால்களை ஊன்றினேன். சிலாபைக் கட்டினார்கள். மாணிக்கம் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே ஏறிக் கிரேன் கம்பியை இழுத்து இறுக்கினேன். சிலாபு இன்னும் தரையை விடவில்லை.

அப்போது எஞ்சினியர், இடது முன்காலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும். "வாங்க சார், நான் காட்டுறேன்" என்று காரியக்காரர் முன்னால் நடந்தார். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போனால் இருபது எட்டு. அவர் நேராகப் போகவில்லை. முருங்கை மரத்துக்கு நேரே திரும்பினார். எஞ்சினியரைத் தனக்குப் பின்னால் வரவிட்டார். வேட்டியை ஒரு கையால் முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்து நாலு எட்டு வைத்தார். பிறகு வேட்டியை விட்டுவிட்டு, "பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே ஒரு பனைமரத் தடி போட்டிருந்திருக்கிறது. ஊரே அதன் மேல் ஏறித்தான் வாய்க்காலைத் தாண்டியிருக்கிறது. வாய்க்காலை மூடினார்கள், தடியை எடுத்தார்கள், காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கம்பியைத் தளர்த்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னய்யா?"

"தூக்க முடியாதுங்க. அடியில வாய்க்கால் இருக்கு."

"கடப்பாரையால குத்திப் பாத்தது நீதானே!"

"பாத்தேன். பத்தாது. தோண்டிப் பாத்துடலாம்."

"தோண்டக்கூடாது!" என்று காரியக்காரர் கத்தினார். "கோர்ட் ஸ்டே இருக்கு. ஒரு கூடை மண்ணை அசைக்கக்கூடாது."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆமாண்ணே. ஸ்டே நாங்க வாங்குனதுதான். தோண்டக்கூடாது."

வருஷக்கணக்காக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பன்னிரண்டு டன் சிலாபை அதன் மேல் நின்று தூக்கலாம், அதற்குத் தடையில்லை. ஒரு மண்வெட்டி போடத்தான் தடை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எஞ்சினியர் பேனாவைத் திறந்தார். "சுமையைக் கட்டின பெறகு விண்ணப்பதாரர் மெஷினை விட்டு இறங்கிட்டார். விதிப்படி இது ஃபெயில். எழுதிக்கட்டுமா?"

துறைமுகம், அண்ணன்களின் வலை, ஆறு வருஷம் எல்லாம் கண் முன்னால் வந்தது. "எழுதிக்குங்க சார்" என்றேன். தைரியசாலி போலச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மேனேஜர் ஆபரேட்டரைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை மந்திரி வராரு. நீங்க ஏறுங்க." அவருக்கு லைசென்ஸ் இருந்தது, மறுக்கத் துணிச்சல் இல்லை. ஏறுவதற்கு முன்னால் என் காதருகே வந்து, "எந்தப் பக்கம்டா சாயும்?" என்று கேட்டார்.

"இடது முன்காலு."

தலையை ஆட்டிவிட்டு ஏறி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அவர் எனக்குச் சொல்லித்தந்தது அது ஒன்றுதான்.

தூக்குவதை என்னால் நிறுத்த முடியாது. அடியில் ஆள் நிற்பதை நிறுத்த முடியும். மாணிக்கத்திடம் ஓடினேன். அவர் கயிற்றோடு இன்னொரு நீளக் கயிற்றை எங்கள் ஊர் முடிச்சால் சேர்த்தேன். முனையைக் கையில் கொடுத்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கரைக்கே போய் நிற்கச் சொன்னேன். மேனேஜர் நேரமாகிறது என்று திட்டிக்கொண்டே இருந்தார். திட்டட்டும் என்று முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

சிலாபு மூன்றடி மேலே போனது. பூம், அதுதான் கிரேனின் நீளக் கை, திரும்பி, பாரம் இடது பக்கம் வந்தது. கால் இறங்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு மொத்தமாக. ஆபரேட்டர் குதித்துவிட்டார். கிரேன் சாய்ந்து, பூம் வரப்பின் மேல் விழுந்து நின்றது. மாணிக்கம் வழக்கமாக நிற்கிற இடத்தில் சிலாபு விழுந்து இரண்டாகப் பிளந்தது. அங்கே யாரும் இல்லை.

பாக்கியம் அந்தப் பக்கத்துக் கரைக்குப் போய்ப் புருஷனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கால் இறங்கிய குழியிலிருந்து கறுப்புச் சேறு பிதுங்கி வந்திருந்தது. அவள் குனிந்து அதிலிருந்து எதையோ எடுத்துத் துடைத்து, காரியக்காரரிடம் நீட்டினாள்.

"நத்தை ஓடுங்க. ஒங்க தாத்தா காலத்து மேட்டு நெலத்துலேர்ந்து வந்துருக்கு."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எஞ்சினியர் வாங்கிக்கொண்டார். பிறகு கிரேனைப் பார்த்தார். "இதை இப்ப யாரு எடுக்கிறது?" என்று கேட்டார். ஆபரேட்டர் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் ஆனது. ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, ஜாக் வைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றி, மெஷினை வெளியே கொண்டுவந்தேன். மூடிய வாய்க்காலைத் தாண்டிக் கெட்டித் தரையில் நிறுத்தி, உடைந்த சிலாபின் இரண்டு துண்டையும் தூக்கி ஓரம் வைத்தேன். எஞ்சினியர் இரண்டு நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அமைச்சர் வரவில்லை, போஸ்டர் மழையில் கரைந்தது. கடைசியில் எஞ்சினியர் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். 'தகுதி உண்டு' என்று எழுதினார். சான்றில் 'சோதனையின்போது தரையின் நிலை' என்று ஒரு கட்டம். காரியக்காரர் பக்கத்தில் வந்து குழைந்தார்.

"சார், 'இளகிய தரை'ன்னு போட்டாப் போதுமே. எல்லாருக்கும் நல்லது."

"நத்தை இருக்கே" என்றார் எஞ்சினியர். 'மண் இட்டு மூடப்பட்ட பழைய வாய்க்கால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஏழைகளுக்காகப் பரிந்து அப்படி எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. கட்டத்துக்குள் தப்பாக எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்படி ஓர் ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

முத்திரையெல்லாம் குத்தி அந்தக் காகிதம் என் கைக்கு வர இன்னும் நாலு மாதம். வந்த அன்றைக்கு அதை அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அரசாங்க முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே வாந்தி வராதுல்ல?" என்றார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் மாணிக்கமும் பாக்கியமும் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். திங்கட்கிழமை நான் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். அவர்களின் வக்கீலுக்கு அந்தச் சான்று வேண்டுமாம். வாய்க்கால் இருந்தது என்று ஓர் அரசாங்க எஞ்சினியர் கைப்பட எழுதிய காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆபீசில் நகல் கேட்டார்களாம். ஃபைலைக் காணவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஒரிஜினலைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும், வழக்கு முடியும் வரை திரும்பாது.

நான் கத்திவிட்டேன். "ஆறு வருஷம்! ஆறு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கினது. பதினோரு நாளாச்சு. ஒங்களுக்கு வேற காகிதமே கெடைக்கலியா?" மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்கியம் எழுந்தாள். "குடுக்காட்டாலும் பரவாயில்லண்ணே. அன்னிக்குக் கயித்தை நீட்டுனீங்க. எனக்கு அதுவே போதும். வரோம்."

சண்டை போட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். அவள் அப்படிச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியதுதான் பொறுக்கவில்லை. சோதனையன்று காலையில் அவள் சொன்னதைப் பொய் என்று நினைத்து அவள் புருஷனை அங்கே நிற்கவைத்தவன் நான். காரியக்காரர் வேட்டியைத் தூக்காமல் நடந்திருந்தால் நான் சிலாபைத் தூக்கியிருப்பேன். தெருவில் ஓடிப் போய்க் காகிதத்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பெருந்தன்மையாக எல்லாம் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

கோர்ட்டு தந்த நகலை மேனேஜரிடம் காட்டினேன். "ஒரிஜினல் எங்க?" "கோர்ட்ல." "எதாவது தப்புப் பண்ணிட்டியா?" என்றார். துறைமுகத்துக்கு வேறொருவர் போனார். நான் நாலு வருஷம் மறுபடி கலாசி, மழைக்காலத்தில் வலை தைப்பு. அண்ணன்கள் ஒரு நாள்கூடச் சும்மா விடவில்லை.

சாட்சி சொல்லவும் கூப்பிட்டார்கள். பண்ணையாரின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க கடற்கரைக்காரர். வயலைப் பத்தி, வாய்க்காலைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் தெரிஞ்சவங்க எங்க கால் வெக்கிறாங்கன்னு பாத்தேன்" என்றேன். ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார்.

வாய்தா மேல் வாய்தாவாகி வழக்கு முடிந்தது. வாய்க்காலைத் திரும்ப வெட்டச் சொல்லித் தீர்ப்பு. என் காகிதமும் வந்தது. முதுகில் 'சான்றாவணம் ஏழு' என்று சிவப்பு மையில், கீழே ஜட்ஜின் சுருக்கக் கையெழுத்து. அதற்குள் புதுப்பிக்கிற தேதி தாண்டிவிட்டது. ஆபீசுக்குப் போனேன். சுவரில் என்ன படம் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதே கிளார்க் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ்ல இப்படியெல்லாம் கிறுக்கக்கூடாதுங்க. புதுசா டெஸ்ட் குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் முடிந்தது.

புது லைசென்ஸில் நான் செய்த முதல் வேலை, நொச்சி வாய்க்கால் தலைப்பில் மதகுப் பலகையை இறக்கியது. அந்த வாய்க்கால் சொல்லிக்கொடுத்ததால்தான் புது இடத்துக்கு உங்களோடு வந்தால் முதல் அரைமணி நேரம் மெஷின் பக்கமே போகாமல் ஆட்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கிழவன் வேலைக்குச் சுணங்குகிறான் என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது, செவிடு என்று நினைக்க வேண்டாம்.

பலகை இறங்கிய மறுநாள் தண்ணீர் வந்தது. பாக்கியம் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினாள். மாணிக்கம் முருங்கை மரத்துக்கு நேரே ஒரு பனந்தடியைப் போட்டிருந்தார். நான் கிரேனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காரியக்காரர் ஊருக்குள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடியருகே வந்தார். அன்றைக்குக் கட்டாந்தரையில் எந்த இடத்தில் வேட்டியைத் தூக்கினாரோ, அதே இடத்தில் தூக்கிக்கொண்டு, நாலு எட்டு வைத்துத் தாண்டிப் போனார்.